கிளாலி கடந்து ஒரு நேர்முகத் தேர்வுக்கு

1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் முதலில் கடதாசிகள் சேர்க்க வேண்டும். விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வங்கி அனுப்பிய அழைப்புக் கடிதம், அதற்குப் பிறகு இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், பாஸ். இளம் ஆட்களுக்கு யாராவது பிணை நிற்க வேண்டும். எனக்கு மாமா கையெழுத்து வைத்தார். நான் திரும்பி வராவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அது தெரிந்தும் யோசிக்காமல் வைத்தார்.

அப்போது ஒரு டியூட்டரியில் (தனியார் கல்வி நிலையத்தில்) கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1990இல் போன மின்சாரம் வரவேயில்லை. இரவில் கொப்பி திருத்துவது ஜாம் போத்தல் விளக்கில்தான். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் விட்ட திரி. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எட்டாத விலையில் இருந்த காலத்தில், இந்த விளக்கைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு தலைமுறைப் பிள்ளைகளே கடன்பட்டிருக்கிறார்கள்.

குடாநாட்டை விட்டு வெளியே போகும் ஆனையிறவு, சங்குப்பிட்டி இரண்டு பாதையும் அடைபட்டிருந்ததால் கிளாலிக் கடல்நீரேரிதான் வழி. அந்த ஜனவரி 2ஆம் திகதி அதே நீரேரியில் கடற்படை படகுகளைத் தாக்கி, பயணம் செய்த சனம் பலர் இறந்திருந்தார்கள். அம்மா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டைக் கட்டித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருட்டிய பிறகுதான் படகு எடுப்பார்கள். எஞ்சின் பூட்டிய ஒரு படகுக்குப் பின்னால் மற்றப் படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுப்பார்கள். டோர்ச் அடிக்கக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா இருந்தார். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் படகில் இருந்த எல்லோரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். சூட்கேஸ் கடலோடு போனாலும் அவை தப்ப வேண்டும். அந்த வழியால் போகிற பெண்பிள்ளைகளுக்கு நான் பிறகு சொன்னதும் இதைத்தான்.

விடியுமுன் நீரேரியின் மறுகரையில் இறக்கினார்கள். அங்கிருந்து டிராக்டர், லொறி, சைக்கிள் கரியர் என்று மாறி மாறி ஓமந்தை. தாண்டிக்குளத்தில் ஆமிச் சோதனை. வவுனியாவில் ரயில்.

வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினேன். சந்தியில் நடந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், அதனால் வந்தவுடனேயே பொலிஸ் பதிவு. நேர்முகத் தேர்வு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணக் கிளையில் வேலை செய்யச் சம்மதமா என்று கேட்டார்கள். அதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். டியூட்டரியின் மாலை வகுப்பை மட்டும் விடவில்லை. பிள்ளைகளுக்கு டிசம்பரில் ஓ.எல். (சாதாரண தரச்) சோதனை இருந்தது.