30 சிசி பெட்ரோல் இன்ஜின் கார்ப் டியூனிங்: மரம் அறுக்குற மிஷின் மெக்கானிக் சொன்ன வழி

ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) பிளேன்ல மெத்தனால்ல ஓடுற கிளோ இன்ஜின்ல இருந்து பெட்ரோலுக்கு மாறுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது கார்ப்ல, அதாவது கார்புரேட்டர்ல, ஃபுல் வேகத்துக்கு பெட்ரோல் அளவு வைக்கிற ஹை ஸ்க்ரூ எத்தனை சுத்து, ஐட்லிங்குக்கு வைக்கிற லோ ஸ்க்ரூ எத்தனை சுத்துன்னுதான். ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க, ஒன்னேகால், ஒன்னரை, ஒன்னேமுக்கால்னு. ஸ்டார்ட் பண்ணி பாக்க அது போதும், ஆனா கார்ப் உள்ள ஆரோக்கியமா இருந்தாதான் அந்த நம்பருக்கே மதிப்பு, இத எனக்கு புரிய வச்சது எந்த வீடியோவும் இல்ல, கீழக்கரையில போட் இன்ஜினும் மரம் அறுக்குற மிஷினும் ரிப்பேர் பாக்குற ஒரு காக்கா (இந்தப் பக்கம் முஸ்லிம் அண்ணன்மார அப்படித்தான் கூப்பிடுவாங்க).

என்கிட்ட இருக்குறது செகண்ட் ஹேண்ட்ல வந்த 30 சிசி டூ ஸ்ட்ரோக். முன்னாடி வச்சிருந்தவர் ஹாபிய விட்டுட்டு பரண்ல போட்டுட்டார், டேங்க்ல பழைய பெட்ரோல் அப்படியே கெடந்து கெட்டவாடை. சோக் போட்டு ப்ராப்ப (முன்னாடி சுத்துற விசிறி) அடிச்சா எடுத்துக்கும், ஐட்லிங்கும் நிக்கும், த்ராட்டில தொறந்தா மட்டும் இருமிட்டு டக்குனு ஆஃப். மெதுவா தொறந்து மேல கொண்டு போயிட்டா அங்க ஏறி எறங்கி ஏறி எறங்கி ஓடும். இது லீன், அதாவது காத்து கூட பெட்ரோல் கம்மி, லோ ஸ்க்ரூவ தொறந்து விடுன்னு எல்லாரும் சொல்ல, தொறந்துக்கிட்டே போனா ரெண்டரை சுத்த தாண்டி அப்புறம்தான் கொஞ்சம் தாங்குது.

இதச் சொன்னதும் காக்கா இன்ஜின தொடவே இல்ல, "தம்பி, ரெண்டு ரெண்டரை சுத்து தொறந்தாத்தான் ஓடுதுன்னா அது ஸ்க்ரூ பிரச்சனை இல்ல, உள்ள பெட்ரோல் வந்து சேரல, கழட்டுங்க"ன்னார். அப்புறம் கார்ப பாத்துட்டு சிரிச்சார், ஏன்னா அவர் கடையில பாதி மிஷின்ல தொங்குறது இதே வால்ப்ரோ கம்பெனி டைப் கார்ப்தான். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுறது எவ்வளவு பெரிய தொழில்னு தெரியும்ல, கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கமெல்லாம் மரம் அறுக்குற மிஷின் ஓடாத நாள் கிடையாது, அதெல்லாம் ரிப்பேருக்கு வர்றப்ப இவர் கையில தினமும் புழங்குற சாமான் இது. மாடல் பிளேனுக்குன்னு தனியா யாரும் இந்த கார்ப கண்டுபிடிக்கல, மரம் அறுக்குறவன் மிஷின எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஓடணும், நமக்கு லூப் அடிச்சு தலைகீழா போனாலும் ஓடணும், தேவை ஒன்னுதான். அதனாலதான் இதுல பைக் கார்ப் மாதிரி பெட்ரோல்ல மெதக்குற ஃப்ளோட் கிடையாது.

ஃப்ளோட்டுக்குப் பதிலா ரெண்டு டயாஃப்ரம், அதாவது மெல்லிசு சவ்வு. ஒரு பக்கம் ஒரே ஸ்க்ரூ போட்ட மூடி, அதுக்குள்ள பம்ப் டயாஃப்ரம், கிராங்க் கேஸ் பிரஷர் ஏறி எறங்குற துடிப்புல அது ஆடி டேங்க்ல இருந்து பெட்ரோல இழுக்கும். மறுபக்கம் நாலு ஸ்க்ரூ மூடி, அதுக்குள்ள மீட்டரிங் டயாஃப்ரம், இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச அது கீழ எறங்கி ஒரு குட்டி லிவர அமுத்தும், லிவர் ஊசிய தூக்கி பெட்ரோல உள்ள விடும். இந்த ரெண்டும் துணி மாதிரி மெத்துனு இருக்கணும். என்னோடத கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா மீட்டரிங் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி வெறச்சுப் போயிருந்துச்சு, விரலால தட்டுனா டொக்குடொக்குனு சத்தம் வருது. பம்ப் பக்கத்துல உள்ள இருக்குற நகக்கண் அளவு சல்லடையில பழுப்பு கலர் பிசின், அதுக்குள்ள ஊசி போறதுக்கே வழியில்ல. எவ்வளவு ஸ்க்ரூ தொறந்தாலும் பெட்ரோல் எங்க இருந்து வரும்.

டயாஃப்ரம், கேஸ்கெட், ஊசி, சல்லடை எல்லாம் சேர்ந்த ரிப்பேர் கிட் மரம் அறுக்குற மிஷினுக்கு விக்கிறதே இதுக்கும் பொருந்தும், கார்ப் மேல அடிச்சிருக்குற நம்பர பாத்து வாங்கணும், அவ்வளவுதான். கழட்டுறப்ப ஒவ்வொரு அடுக்கையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. மீட்டரிங் பக்கம் பாடி மேல முதல்ல கேஸ்கெட், அதுக்கு மேலதான் டயாஃப்ரம், மாத்திப் போட்டா லிவர் உயரக் கணக்கே கெட்டுடும். அந்த லிவர வளைக்கலாமான்னு கேட்டதுக்கு "அத தொட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க"ன்னுட்டார்.

அடுத்தது பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றது ஈ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனால் எரியறதுக்கு காத்து கம்மியா போதும், பெட்ரோல் ஒரு பங்குக்கு காத்து 14.7 பங்குன்னா எத்தனாலுக்கு 9தான், அதனால பழைய மேனுவல்ல போட்டிருக்குற சுத்து கணக்கு இப்ப லேசா லீனா வந்து நிக்கும், கொஞ்சம் கூட தொறக்கணும். சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட் இருக்கு, கோடு போட்ட பழைய சிரப் பாட்டில்ல 10 மில்லி தண்ணி, அதுக்கு மேல 50 மில்லி பெட்ரோல் ஊத்தி குலுக்கி வைங்க, அடியில நிக்கிற தண்ணி கிட்டத்தட்ட 20 கோட்டுக்கு ஏறி நிக்கும், ஏறுன அளவுதான் எத்தனால். அந்த பாட்டில் பெட்ரோல திருப்பி இன்ஜின்ல ஊத்திடாதீங்க. எத்தனால் ஈரத்த இழுக்கும், கடலோரத்துல கேன் மூடிய தொறந்து வச்சா கேக்கவே வேணாம், அதனால நான் ஒரு லிட்டருக்கு மேல கலந்து வைக்கிறதில்ல. ஆயில் லிட்டருக்கு 25 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக் ஆயில்), அதாவது 40க்கு 1. இன்னொன்னு, ஆயில் அதிகமா ஊத்துனா ரிச், அதாவது பெட்ரோல் கூடுனது மாதிரி, ஆகும்னு பலர் நினைக்கிறாங்க, நிஜத்துல ஆயில் கூடுனா அந்த அளவுக்கு பெட்ரோல் குறையும், காத்து-பெட்ரோல் கலவை லீன் பக்கம் போகும், அதனால ஆயில் அளவ மாத்துனா டியூனிங்கும் மாறும்.

இனிதான் ஸ்க்ரூ. ஊருக்கு வெளிய பனங்காட்டுல வால் பக்கத்த கயிறு போட்டு மரத்துல கட்டி ஓட்டுனோம். பறக்க விடலையான்னு கேப்பீங்க, உச்சிப்புளியில நேவியோட ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் இருக்கு, இந்தப் பக்கம் அந்த ஆசையே வேணாம், எங்க பறக்க விட்டாலும் அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல அது பறக்க விடக்கூடிய ஜோனான்னு பாத்துட்டு விடுங்க, நான் பிளேன வெளி மாவட்டத்துக்குத்தான் தூக்கிட்டுப் போறேன். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மத்தியானம் இந்த வேலைய எடுக்காதீங்க, மண்ணும் கிளிஞ்சல் தூளும் கார்ப் வாய்க்குள்ள போகும், ப்ராப்புக்கு எதிர்க்காத்து அடிச்சா ஆர்பிஎம்மும் தப்பா காட்டும். விடியக்காலைதான் சரி. குளுந்த காத்து அடர்த்தியா இருக்கும், அப்ப சரியா வச்சது மத்தியான வெயில்ல லேசா ரிச் ஆகும், அது இன்ஜினுக்கு கெடுதல் இல்ல, ஆனா மத்தியானம் டைட்டா வச்சுட்டு மார்கழி காலையில ஓட்டுனா லீன் ஆகி சூடேறும். அப்புறம் கருவமுள்ளு, பிளேன் டயருக்கு அது தனி சோதனை.

இன்ஜின் நல்லா சூடானதும் ஃபுல் த்ராட்டில். 18 இஞ்ச் ப்ராப் சுத்துது, முன்னாடியோ பக்கவாட்டுலயோ யாரும் நிக்கக்கூடாது, பின்னாடி இருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவர். ஹை ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்தா ஆர்பிஎம் ஏறும், ஒரு எடத்துல நின்னு எறங்கத் தொடங்கும், அதுதான் உச்சம். எனக்கு 7000க்குப் பக்கத்துல வந்துச்சு. அங்க நிறுத்தாதீங்க, 200லேர்ந்து 300 குறையுற வரைக்கும் திருப்பித் தொறங்க, ஏன்னா மேல போனா ப்ராப்புக்கு லோடு குறைஞ்சு இன்ஜின் இன்னும் வேகமா சுத்தும். டேக்கோ (ஆர்பிஎம் பாக்குற மீட்டர்) மேல நம்பிக்கை இல்லன்னா பழைய சோக் வச்ச ட்யூப் லைட்டுக்கு நேரா ரெண்டு பிளேடு செட்டிங்ல காட்டுங்க, 3000 காட்டணும்.

லோ ஸ்க்ரூவுக்குத்தான் காது வேணும். ஐட்லிங்ல அரை நிமிஷம் விட்டுட்டு படார்னு த்ராட்டில தொறங்க. சத்தமே இல்லாம செத்துச்சுன்னா லீன், அரைக்கால் சுத்து தொறங்க. கொடகொடன்னு புகையத் துப்பி தயங்கி ஏறுச்சுன்னா ரிச், அதே அளவு மூடுங்க. இங்க நான் அவசரப்பட்டப்பல்லாம் காக்கா கைய தட்டி விட்டார், "திருப்பிட்டு ஓட விடுங்க தம்பி, உடனே சொல்லாது". உள்ள இருக்குற பழைய பெட்ரோல் தீந்து புது அளவு வர கொஞ்ச நேரம் ஆகுது. லோ ஸ்க்ரூ வழியா வர்ற பெட்ரோல் ஃபுல் த்ராட்டில்லயும் சேந்துதான் போகுது, அதனால லோ மாத்துனா ஹைய மறுபடி பாக்கணும். கடைசியா பிளேன மூக்கு மேல தூக்கிப் பிடிச்சு ஃபுல் த்ராட்டில் கொடுத்தா ஆர்பிஎம் தொங்கக்கூடாது, தொங்குனா ஹை இன்னும் லீன். எனக்கு ரெண்டும் ஒன்னரைக்குப் பக்கத்துல வந்து செட்டாச்சு, எல்லாரும் முதல்லயே சொன்ன அதே நம்பர்.

காக்காவுக்கும் புதுசா இருந்தது ஒன்னே ஒன்னு. மீட்டரிங் மூடியில ஒரு ஓட்டை இருக்கும், டயாஃப்ரத்துக்கு வெளிக்காத்து படுறதுக்கு. பிளேன் வேகமா போறப்ப கவுலுக்குள்ள (இன்ஜின மூடியிருக்குற கூடு) காத்து அழுத்தம் மாறி அந்த ஓட்டை வழியா டயாஃப்ரத்தையும் ஆட்டும், தரையில அருமையா ஓடுனது மேல மக்கர் பண்ணும். அந்த எடத்துல சின்ன பித்தளைக் குழாய் பத்த வச்சு, ட்யூப் மாட்டி பிளேன் உடம்புக்குள்ள விட்டுட்டா சரி. பத்த வச்சு தந்தது அவர்தான், "மரம் அறுக்குறவனுக்கு இது வேணாம், அவன் பறக்க மாட்டான்"னார்.

மாசக்கணக்கா எடுக்க மாட்டோம்னா டேங்க காலி பண்ணி, கார்ப்ல மிச்சம் இருக்குறது தீந்து இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஐட்லிங்ல விட்டுருங்க. வாரா வாரம் ஓட்டுறவங்களுக்கு இது தேவைப்படாது.