பெரியப்பாவின் வாய்க்கால் கோப்புகள்

"ஃபார்மட் அடித்துத் தருகிறேன், நாளை மாலை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால், மடிக்கணினியைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்குக் கணினி ஓட வேண்டும், அவ்வளவுதான். நமக்கு அதற்குள் இருப்பது வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றைச் செய்யப்போய் மற்றதைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளைக் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் வருடந்தோறும் பார்க்கிறேன், அதுவும் புராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டிய மாதத்தில்.

இந்த முறை சிக்கியது என் பெரியப்பா. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பாபநாசம் பக்கம் இருக்கிறார். குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், மதகுகள், அவற்றுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர்கள், எந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துவருகிறார். தகவல் சொன்னவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. "எல்லாமே அதில்தானே அம்மா இருக்கிறது" என்று போனில் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை. கடைக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். "கொடுத்தேன், ஹார்ட் டிஸ்க் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் அடிக்க வேண்டும் என்கிறார்" என்றார். "பெரியப்பா, உடனே போய் வாங்கி வந்துவிடுங்கள்" என்றேன்.

ஃபார்மட் என்றால் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை. பழைய ஹார்ட் டிஸ்கில், அதாவது உள்ளே வட்டு சுழலும் வகையில், விரைவு ஃபார்மட் செய்தால் கோப்புகளின் அட்டவணைதான் போகும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். ஆனால் அதன்மேல் விண்டோஸைப் புதிதாக நிறுவினால், பல ஜி.பி. அளவுக்குப் புதிய கோப்புகள் போய் உட்காரும். எதன்மேல் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. சுழலும் வட்டே இல்லாத புதுவகை எஸ்.எஸ்.டி. என்றால் இன்னும் மோசம். காலியானதாகச் சொல்லப்பட்ட இடத்தை அது தானே துடைத்துவிடும், மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

வண்டியில் போய்ப் பார்த்தேன். மடிக்கணினியின் பெரிய பேட்டரி உப்பிப்போய் எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. சார்ஜர் செருகினால்தான் ஓடும். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது, அதற்குப் பிறகு ஏறவே இல்லை என்றார் பெரியப்பா. பவர் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, நிறுவனத்தின் முத்திரை வந்தது. அடுத்து நீலத்திரை, "இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்", அதாவது விண்டோஸ் இருக்கும் வட்டை அணுக முடியவில்லை. முத்திரை வரும்வரை வந்தாலே பாதி நிம்மதி. திரை, போர்டு, ரேம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். முத்திரையே வராமல் கறுப்பாக இருந்தால், நான் முதலில் டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. கம்பி செருகிப் பார்ப்பேன். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். இங்கே அதற்கு வேலை இல்லை.

காதை வைத்துக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் சீராகச் சுற்றியது. 'டக் டக்' என்ற சத்தம் கேட்டிருந்தால் அந்தக் கணமே அணைத்திருப்பேன். அப்படிப்பட்ட வட்டில், வட்டைச் சோதித்துத் திருத்தும் செக் டிஸ்க் ஓட்டுவது, பாவம், சாகக் கிடப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வதுதான்.

விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறத் தவறினால், அடுத்த முறை தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று உள்ளே போனால் கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் 'நோட்பேட்' என்று தட்டுங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், அந்தச் சின்னச் சன்னலே ஒரு கோப்பு உலாவி ஆகிவிடும். பென் டிரைவும் தெரியும், வட்டும் தெரியும். வலது சொடுக்கி நகலெடுக்கலாம், ஒட்டலாம். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். 'எக்ஸ்' என்று தெரிவது மீட்புத் திரையின் சொந்த இடம், அதைப் பார்த்து 'எல்லாம் போயிற்று' என்று அலற வேண்டாம். பெரியப்பாவின் கோப்புகள் 'டி'யில், யூசர்ஸ் கோப்புறைக்குள், டெஸ்க்டாப்பில் பத்திரமாக இருந்தன. ஒட்டிய பிறகு எத்தனை சதவீதம் முடிந்தது என்று எதுவும் காட்டாது. சன்னல் உறைந்ததுபோல் நிற்கும். பென் டிரைவின் விளக்கு மினுக்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். பெரியம்மா காபி போட்டுக் கொடுத்தார்.

புதிய மடிக்கணினிகளில் இந்த இடத்தில் ஒரு பூட்டு குறுக்கே நிற்கலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தபோது, பல அலுவலகங்கள் இந்த எண்ணைத் தேடித்தான் அலைந்தன. உங்கள் எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

வேர்ட் கோப்புகளை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தமிழ் தட்டச்சர் வீட்டில் நினைக்கக் கூடாது. பெரியப்பா எல்லாவற்றையும் அலுவலகப் பழக்கத்தில் வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாய்க்கால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே அதே கறுப்புப் பெட்டியில் எக்ஸ்காப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை கொடுத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதையும் சேர்த்து எடுத்தேன். பல பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் நோயைத் தேடினேன். விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போனதுமே விடை கண்ணில் பட்டது: தேதி 2015 ஜனவரி. உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்திருக்கிறது. கரண்ட் போனதும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. வட்டோடு கணினி எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா அமைப்பு 'ரெய்டு' என்று இருந்தது. முன்பு விண்டோஸ் போட்டவர் அதை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று மாற்றிப் போட்டிருக்க வேண்டும். அது திரும்ப மாறியதால்தான் விண்டோஸுக்குத் தன் வட்டே தெரியவில்லை. 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று மாற்றிச் சேமித்தேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறியது. கரப்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தச் சின்ன பேட்டரி சி.ஆர். 2032 தான், ஆனால் மடிக்கணினியில் கம்பியும் செருகியும் வைத்துப் பிளாஸ்டிக் உறை போட்டது வேண்டும். கும்பகோணத்தில் வாங்கிப் பொருத்தினேன்.

இப்போது அந்தக் கோப்புகளை, தனி எழுத்துரு இல்லாமலே எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றி மென்பொருள் தமிழை ஒழுங்காகத்தான் மாற்றுகிறது. நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்த சர்வே எண்களின் எழுத்துகளையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடுவதால், அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது. பெரியப்பாவோ புதிய பக்கங்களையும் வானவில்லிலேயே அடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.