கவலையை ஜெபமாக மாற்றப் பழகியது

அம்மாவின் மார்பில் கட்டி தெரிந்து, பயாப்ஸி எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான், "பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு" என்று எல்லாரும் சொல்வதை நிஜமாகவே செய்து பார்க்க வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்கிற பைபிள் வசனம், 1 பேதுரு 5:7, சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். ஆனால் எப்படி வைப்பது? நடு ராத்திரியில் விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், "ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும்" என்பேன், ஆமென் சொன்ன கையோடு கீமோ, செலவு, லீவு, தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று மனசு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

எனக்கு வழி காட்டியது பைபிளில் வருகிற யூதாவின் ராஜா எசேக்கியா. அசீரிய ராஜா சனகெரிப் மிரட்டி அனுப்பிய நிருபத்தை வாங்கி வாசித்தவன், நேராக ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறான் (2 இராஜாக்கள் 19:14). அப்புறம் அவன் பண்ணுகிற ஜெபத்தைக் கவனியுங்கள், அசீரியர் மற்ற தேசங்களையெல்லாம் பாழாக்கினது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேதான் இரட்சிப்பைக் கேட்கிறான். ஒன்றும் இல்லாத மாதிரி காட்டிக்கொள்ளவே இல்லை.

சரி, நானும் விரித்து வைக்கலாம் என்று ஒரு நோட்டை எடுத்தேன். "எல்லாம் நல்லபடியாக நடக்கணும்" என்று பொதுவாக எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதினேன். கேன்சர் என்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மா முன்னால் அழுதுவிடுவேனோ. காப்பீட்டில் இதற்குப் பணம் வருமா தெரியவில்லை. எழுதினதை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்து, "இது உமக்கு முன்பாக இருக்கிறது" என்று சொன்னேன், அவ்வளவுதான். வாசிக்கும்போதே ஒன்று புரிந்தது, அதில் பாதி கவலையே இல்லை, வேலை. காப்பீட்டுக்காரர்களிடம் கேட்பதும் லீவு சொல்வதும் காலையில் நான் செய்யவேண்டியவை. மீதிதான் என் கையில் இல்லாதது. அந்த மீதியைத்தான் ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது.

பவுல் அப்போஸ்தலன் எழுதின பிலிப்பியர் நிருபத்தில் 4:6, ஒன்றுக்கும் கவலைப்படாமல் ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபம் பண்ணச் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அது எனக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது, எதற்கு நன்றி சொல்ல? கடைசியில் சின்னச் சின்ன விஷயங்களுக்குச் சொன்னேன், டாக்டர் பொறுமையாக விளக்கினார், அம்மா ராத்திரி தூங்கினாள். ஆனால் அதே நிருபத்தின் 2-ம் அதிகாரத்தை வாசித்தபோதுதான் பவுலின்மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது. காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார், கூட இருந்த எப்பாப்பிரோதீத்து சாகிற அளவுக்கு வியாதிப்பட்டிருக்கிறான், அவன் பிழைத்ததால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வராமல் தேவன் இரங்கினார் என்று எழுதுகிறார். ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்ற மனுஷன் கவலையே அறியாதவர் இல்லை.

ஒருமுறை ஒப்புக்கொடுத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு மறுநாளே திரும்பி வந்தது, சில நாள் குளிக்கிற நேரத்துக்குள்ளேயே வந்தது. விசுவாசம் போதவில்லையோ என்று குற்ற உணர்ச்சி வேறு. சபையில் ஒரு அக்கா, "சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தானே ஜெபம் பண்ணினார், உனக்கு மட்டும் ஒரே தரத்தில் முடியணுமா?" என்று கேட்டார். அதிலிருந்து கவலை வந்தால் அதோடு சண்டை போடுவதில்லை, அதே வரியை மறுபடி சொல்லுவேன், நடந்துகொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே.

முடிவு வந்தது. கேன்சர்தான், ஆரம்ப நிலை. அன்றைக்கு நன்றாக அழுதேன், அம்மா முன்னாலேயே அழுதேன், அவள்தான் என்னைத் தேற்றினாள். ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கினேன், அதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் என்று பிலிப்பியர் 4-ன் 7-ம் வசனம் சொல்வது அதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. இப்போதும் செக்கப் தேதி நெருங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்கும், நோட்டில் பக்கங்கள் கூடும்.

இன்னொன்று. ஜெபம் பண்ணுகிறவர்கள் டாக்டரிடம் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் இல்லை, சாப்பாடு, அப்புறம் தூங்கவும் விட்டான். எனக்கே தூக்கமில்லாமல் படபடப்பு நீண்டுகொண்டே போனபோது டாக்டரைப் பார்த்தேன், கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டேன், சாப்பிடும் முன் அதற்கும் ஜெபித்தேன். கூட ஊழியம் செய்த லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதியிருக்கிறார்.