பெர்கே வரை போனவன்

நம் வேதபாட சார் போய்விட்டார் என்ற செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். கூப்பிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. நானும் ஒன்று போட்டேன். அன்று இரவே சங்கத்தின் மலர் தயாரிக்கும் குழுவிலிருந்து ஒருவன் போன் செய்தான். "மாற்கு, சாரைப் பற்றி நீதான் எழுதணும்." என் உண்மையான பெயர் அவனுக்கு நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். நாற்பது வருடம் ஆகிறது.

பெயர் வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்ததெல்லாம் தப்பு.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் மிஷன் முகாம். வேத வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கியிருந்த எனக்கு, நான் போகாமல் அந்த மலைக்கிராமம் எப்படி இரட்சிக்கப்படும் என்ற கவலை. ஐந்து மணி மணியடிப்பு, தனித்தியானம் என்ற பெயரில் உட்கார்ந்தபடி தூக்கம், பாத்திரம் கழுவும் முறைப்பட்டியலில் நடக்கும் தில்லுமுல்லு, இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் ஏறும்போதே பிடித்துக்கொண்டது. புது செருப்பு குதிகாலைக் கடித்து, கொப்புளம் உடைந்து, அதில் சேறு. தங்கிய கட்டடத்தின் கூரை என் பாய்க்கு நேர் மேலே ஒழுகியது. வேதாகமம் நனைந்து உப்பி, மூட முடியாமல் விசிறிபோல் நின்றது.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இரண்டாம் நாள் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மீன் விழுங்கிய யோனாவின் கதை சொல்ல என்னை நிறுத்தினார்கள். படம் ஒட்டும் ஃபிளானல் துணிப் பலகையும் ஈரம், படங்களும் ஈரம். மீனை ஒட்டினேன், விழுந்தது. மறுபடி ஒட்டினேன், யோனாவையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள், பின்னால் நின்ற நம் ஆட்கள் அதைவிட. வினாடி வினாவில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

சார் அன்று மாலை சொன்னார்: "மிஷனரி வில்லியம் கேரி இந்தியாவுக்கு வந்தது 1793-ல். முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பர் கடைசியில். நமக்கு இன்னும் இரண்டு நாள்கூட ஆகவில்லை." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஏழு வருடம் என்ற கணக்கு மட்டும் வயிற்றில் போய் உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் விடியுமுன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆறரைக்கு ஒரே பஸ். நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றபோது டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. திட்டுவார், ஜெபிப்பார், குறைந்தபட்சம் ஒரு வசனமாவது சொல்வார் என்று நினைத்தேன். "டிக்கெட்டுக்குக் காசு இருக்கா?" என்றார். இல்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். பஸ் வந்தது, ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது டார்ச்சை அணைத்துவிட்டு நனைந்தபடி ஏறிக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்த வாரமே வேதபாட வகுப்பில் அப்போஸ்தலர் நடபடிகள் பதின்மூன்றாம் அதிகாரம். சார் கரும்பலகையில் வரைபடம் போட்டார். ஊழியத்துக்குப் புறப்பட்ட பர்னபாவும் பவுலும், அவர்களோடு யோவான் என்னும் மாற்கும். சீப்புரு, அதாவது சைப்ரஸ், பர்னபாவின் சொந்தத் தீவு, அதுவரை சுகம். அப்புறம் கடல் கடந்து பெர்கே. அதற்கு மேலே டாரஸ் மலை. பதின்மூன்றாம் வசனத்தில் மாற்கு அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறான். முன் வரிசையில் ஒரு தலை என் பக்கம் திரும்பியது. பிறகு நாற்பது தலைகள். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஏன் திரும்பினான் என்று லூக்கா எழுதவில்லை. அவரே எழுதாததை நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். மணியடிக்குமுன் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

அடுத்த வருட முகாம் பட்டியலில் என் பெயர் இருந்தது. நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றபோது உள்ளே கேட்டது: "ஒருதரம் ஓடினவனை மறுபடி எதுக்கு?" அதற்கு சார்: "அவன் வரலைன்னா நானும் வரலை." பவுலுக்கும் பர்னபாவுக்கும் சண்டை மூண்டு இருவரும் பிரிந்தது, மாற்கை மறுபடி அழைத்துப்போவதா என்ற இதே விஷயத்துக்காகத்தான் என்பது எனக்கு வினாடி வினா அறிவாக மட்டுமே அதுவரை இருந்தது.

இரண்டாவது முகாம் முதலாவதைவிட மோசம். வேன் பாதியில் சேற்றில் புதைந்தது. குழுவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். நாடகத்துக்குக் கொண்டுபோன உடைகள், பாட்டுத்தாள்கள் எல்லாம் கூழ். சார் 1812-ல் வங்காளத்தில் செராம்பூர் மிஷன் அச்சகம் எரிந்த கதையைச் சொன்னார், கேரியின் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானதை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததை. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தினமும் காலை ஆறரைக்குக் கீழேயிருந்து அந்த பஸ் ஹாரன் அடிக்கும். அந்த நேரத்துக்குச் சரியாகப் பாத்திரத் தொட்டிக்குப் போய்விடுவேன், கரி பிடித்த அடியைச் சத்தமாகத் தேய்க்க. பத்து நாள் அப்படி. கடைசி இரவு சாட்சி சொல்லும் நேரத்தில் விசுவாசம் என்னைத் தாங்கியது என்றேன். உண்மையில் தாங்கியது வெட்கம். சார் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. தொட்டியில் என்னைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் படிப்பு, விசா, வேலை, உங்களுக்கெல்லாம் நடந்ததுதான். பாதியில் திரும்பிப் போனவன் என்று பெயர் எடுத்தவன், வெளிநாடு வந்தபின் ஒருமுறைகூடத் திரும்பிப் போய் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை லீவில் போனேன். கல்யாணங்கள் இருந்தன. பள்ளி வாசலைக் காரில் கடந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. பவுல் சிறையிலிருந்து தன் சீடன் தீமோத்தேயுவிடம் மாற்கை அழைத்துவரச் சொன்னதையும், துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொன்னதையும் நினைவுபடுத்தியிருந்தார். கீழே: "என் மேலங்கி உன்னிடம்தான் இருக்கிறது, தம்பி. வரும்போது கொண்டு வா. மாரிகாலத்துக்கு முன் வரப் பார்."

கோட்டு என்னிடம் இல்லை. எந்த வீடு மாறும்போது போனது என்று தெரியவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பதிலைத் தள்ளிப்போட்டேன். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் அதே மாதிரி காக்கி நிறத்தில் ஒன்று வாங்கினேன். விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இங்கே இன்று காலையிலிருந்து மழை.