ஃப்ளக்ஸ் கோடு எங்கே தொடங்குகிறது?

நீரை வடிகட்டும் மெம்பிரேனுக்குப் பூச்சு போட்டதும் ஃபௌலிங் (அழுக்கு ஒட்டி அடைபடுவது) குறைந்துவிட்டது என்று ஆய்வுக்கட்டுரையில் ஒரு கிராஃப் வந்தால், ஃப்ளக்ஸ் கோடு, அதாவது சதுர மீட்டருக்கு மணிக்கு எவ்வளவு நீர் கடக்கிறது என்பதைக் காட்டும் கோடு, எவ்வளவு சரிகிறது என்று நான் உடனே பார்ப்பதில்லை. எந்த உயரத்தில் தொடங்குகிறது என்றுதான் பார்ப்பேன். பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

மெம்பிரேன் செய்யப் பயன்படும் பி.ஈ.எஸ். (பாலிஈதர்சல்ஃபோன்), பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடீன் ஃப்ளோரைடு) இரண்டும் உறுதியான பாலிமர்கள், ஆனால் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாத ரகம். அதனாலேயே புரதமும், மக்கிய இலைதழையிலிருந்து நீரில் கலக்கும் ஹியூமிக் அமிலமும் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். துளை அடைபடும், மேலே படலம் கட்டும், நீர்வரத்து குறையும். மேற்பரப்பில் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் பாலிமரை ஏற்றிவிட்டால், புரதம் ஒட்டுவதற்கு முன் அந்த நீரடுக்கை விலக்கியாக வேண்டும். அது எளிதில் நடக்காது. பி.ஈ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற பாலிமர் ஹைட்ரஜன் பிணைப்பால் நீரைப் பிடிக்கிறது. ஒரே சங்கிலியில் நேர்மின்னும் எதிர்மின்னும் கொண்ட ஸ்விட்டரயான்கள் மின்னூட்டத்தாலேயே பிடிப்பதால் பிடி இன்னும் பலம்.

இப்படிப் பூச்சு போட ஆய்வகத்தில் எல்லோரும் முதலில் தொடுவது டோபமைன். பாறையில் ஒட்டும் சிப்பிகளின் பசையைப் பார்த்து, மெஸ்ஸர்ஸ்மித் என்ற ஆய்வாளரின் குழு 2007-இல் வெளியிட்ட முறை. பி.எச். 8.5 உள்ள ட்ரிஸ் கரைசலில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டு, பீக்கரை மூடாமல் ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். தெளிந்த கரைசல் முதலில் லேசாகச் சிவந்து, பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். மெம்பிரேனோடு பீக்கரும் கையுறையும் சேர்ந்தே நிறம் மாறும். அதிக நேரம் விட்டால் கரும்பொடி உதிர்ந்து துளைகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழுவி எடுப்பது தனி வேலை.

இப்போது அந்தக் கிராஃபுக்கு வருகிறேன். பூச்சு ஏறினால் துளை சுருங்கும், ஃப்ளக்ஸ் இறங்கும். ஒரே அழுத்தத்தில் பூசாதது சதுர மீட்டருக்கு மணிக்கு 200 லிட்டர், பூசியது 120 லிட்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் புரதம். தொடக்க வேகத்தில் கணக்குப் போட்டால், முதலாவதன் ஒரு சதுர மீட்டர் மேல் மணிக்கு 200 கிராம் புரதம் இழுத்துவரப்படுகிறது, இரண்டாவதன் மேல் 120 கிராம்தான். பூசியது மெதுவாக அழுக்கடைந்தால் அதில் எவ்வளவு பாலிமரின் சாமர்த்தியம், எவ்வளவு குறைந்த இழுப்பு? பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட ஃப்ளக்ஸுக்குக் கீழே ஓட்டினால் ஃபௌலிங் அவ்வளவாகத் தெரியாது என்ற கருத்து 1995-லேயே வந்தாயிற்று. அப்படியும் ஒரே அழுத்தத்தில் ஒப்பிடும் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பூசாததன் அழுத்தத்தைக் குறைத்து, இரண்டையும் ஒரே ஃப்ளக்ஸில் தொடங்கினால் பல சாதனைகள் பாதியாகச் சுருங்கிவிடும்.

கான்டாக்ட் ஆங்கிளையும், அதாவது பரப்பு நீரை எவ்வளவு விரும்புகிறது என்று காட்ட அதன் மேல் வைத்த துளியின் கோணத்தை அளப்பதையும், நான் பெரிதாக நம்புவதில்லை. துளையுள்ள பரப்பில் வைத்த துளி உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் படம் எடுத்தோமோ அதற்கேற்ற எண்தான் கிடைக்கும்.

அடுத்த சோதனை பிளீச். ஆலையில் ஓடும் மெம்பிரேனை ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் போட்டுக் கழுவுவார்கள். டோபமைன் பூச்சை அதில் முக்கிப் பாருங்கள், கண்முன்னே பழுப்பு வெளுக்கும். வேதிப்பிணைப்போடு ஒட்டவைத்த பாலிமர் இதைவிடத் தாங்கும். பி.ஈ.எஸ். மேல் புற ஊதா ஒளி பட்டாலே ரேடிகல்கள் (உடனே வினைபுரியும் துண்டுகள்) உருவாகி, வினையைத் தொடங்கிவைக்கும் இனிஷியேட்டர் என்று தனியாக எதுவும் இல்லாமலே பாலிமர் சங்கிலி வளரும். ஒளி கூடிப்போனால் பி.ஈ.எஸ்.ஸின் சங்கிலியே அறுந்து, துளை பெரிதாகி, புரதம் மறுபுறம் போய்விடும். பாலிமர் சங்கிலியைக் கட்டுப்பாட்டோடு வளர்க்கும் ஏ.டி.ஆர்.பி. அழகான முறைதான், ஆனால் ஆக்சிஜனை விரட்டிவிட்டு, தாமிர வினையூக்கி வைத்து, மீட்டர் கணக்கில் ஓடும் சுருளில் செய்யச் சொன்னால் தொழிற்சாலைக்காரர் சிரிப்பார்.

எனக்குப் பிடித்தது எம்.ஐ.டி.யில் மேயஸ் குழு செய்த வழி. நீரை விரும்பும் கிளைகள் கொண்ட கோபாலிமரை (இருவகை அலகுகள் சேர்ந்த பாலிமர்), படலமாக வார்க்கும் முன்பே பி.வி.டி.எஃப். கரைசலில் கலந்துவிட்டார்கள். படலம் நீர்த்தொட்டியில் இறுகும்போது அந்தக் கிளைகள் தாமாகவே மேற்பரப்புக்கும் துளைச்சுவருக்கும் வந்துவிடும். தனியாகப் பூசும் வேலையே இல்லை.

இதெல்லாம் புரதம் போன்றவற்றுக்கு. பாக்டீரியா வேறு கதை: ஒன்று ஒட்டினாலும் அது பெருகும், பூச்சால் தள்ளிப்போடத்தான் முடியும்.

இப்போதெல்லாம் புதுப் பூச்சு மாதிரி கையில் வந்தால் நேராக பிளீச்சில் ஊறப்போட்டுவிடுகிறேன். புரதக் கரைசல் அதற்கப்புறம்தான், அதுவும் ஒரே ஃப்ளக்ஸில்.