‘காப்பீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்’: 66 வயதில் ஒரு டிரக் ஓட்டுநர் கொடுத்த புகார்

அமெரிக்காவில் பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்காக, குறிப்பாக அறுபதைத் தாண்டியவர்களுக்காக எழுதுகிறேன். வயதைக் காட்டி என்னை ஓரங்கட்டிய பழைய நிறுவனத்தின் மேல் நான் கொடுத்த புகார் முடிந்துவிட்டது. மறுபடியும் ஸ்டியரிங் பிடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பழைய நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நிறுவனம் கைமாறியது. புதிய நிர்வாகம் வந்த கையோடு வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வை மறுபடியும் வைத்தது, அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும். தேறினேன். அதன் பிறகு லோடு தருவது குறைந்தது. நேற்று வந்த பையன்களுக்கு நெடுந்தூர ஓட்டம், எனக்கு யார்டுக்குள், அதாவது நிறுவனத்தின் வண்டி நிறுத்தும் வளாகத்துக்குள், டிரெய்லர் இடம் மாற்றும் வேலை. மைலுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவனை யார்டில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டுநர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து மருத்துவப் பரிசோதனை வந்தது. கண், காது, சிறுநீர் எல்லாம் சரி. இரத்த அழுத்தம் மட்டும் 140-ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அப்படி வந்தால் இரண்டு ஆண்டுக்குப் பதில் ஓராண்டுக்கு மருத்துவத் தகுதி அட்டை தருவது வழக்கம். அதையே தந்தார் மருத்துவர். ஓராண்டு அட்டையும் முழுத் தகுதி அட்டைதான். பாதுகாப்புப் பிரிவில் இருந்தவரோ அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஓராண்டுதானே, அப்படியானால் நீங்கள் பாதித் தகுதிதான்” என்றார். பாதித் தகுதி என்று விதியில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். பதில் இல்லை. மேசைமேல் இருந்த விதிப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அசல் காரணத்தை அப்போதுதான் வெளியே எடுத்தார்: “65 தாண்டியவர்களைக் காப்பீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் கையில் எதுவும் இல்லை.”

இந்த வாக்கியத்தை இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து வெளியே வந்திருப்பார்கள். விமான நிறுவனங்களின் விமானிகளுக்கு 65 வயது உச்சவரம்பு உண்டு. டிரக் ஓட்டுநர்களுக்குக் கூட்டாட்சி விதிகளில் உச்சவரம்பே கிடையாது. மாநில எல்லை தாண்டி ஓட்டக் குறைந்தபட்ச வயது 21, அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறை என்று புலம்பி, 18 வயதுப் பிள்ளைகளையும் எல்லை தாண்டி ஓட்டவிடும் முன்னோட்டத் திட்டத்துக்கு 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தில் இடம் வாங்கிய தொழில் இது. விபத்தில்லாமல் ஓட்டிய கிழவன் மட்டும் கசக்கிறான்.

1967-ஆம் ஆண்டு வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 40 வயது முதல் நம்மைக் காக்கிறது. நிறுவனத்தில் குறைந்தது 20 ஊழியர்கள் இருக்க வேண்டும். வயதானவர்களை வைத்துக்கொண்டால் செலவு கூடும் என்பதை வேலை மறுக்கக் காரணமாகக் காட்டினால் செல்லாது. ஆனால் வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பது? ரகசியமாகக் குரலைப் பதிவு செய்யப் போகாதீர்கள். சில மாநிலங்களில் எதிராளியின் சம்மதம் இல்லாத பதிவே குற்றம். நான் செய்தது வேறு. அன்று இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: “65 வயது தாண்டியதால் காப்பீட்டாளர் என்னை ஏற்க மாட்டார், அதனால் நெடுந்தூர ஓட்டம் இல்லை என்று இன்று சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது தவறானால் திருத்துங்கள்.” காலையில் பதில் வந்திருந்தது: “சரிதான். அது காப்பீட்டுக் கொள்கை.” ஆங்கிலத்தில் ஆறேழு சொற்கள். என் வழக்கே அந்த ஒரு வரியில்தான் நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு பொறி வைத்தார்கள்.

முதல் பொறி: “ஊழியராக வேண்டாம், ஒப்பந்தக்காரராக ஓட்டுங்கள், உங்களுக்கும் வசதி.” கேட்க இனிக்கும். ஆனால் அந்தச் சட்டம் ஊழியர்களுக்குத்தான். உண்மையான சுயேச்சை ஒப்பந்தக்காரருக்கு அது பொருந்தாது. கையெழுத்துப் போட்ட அன்றே கவசம் கழன்றுவிடும். என்னோடு ஓட்டும் மதுரைத் தம்பி ஒருவர், “அண்ணே, அதை வாங்கிப் படித்துவிட்டாவது வாருங்கள்” என்றார். படித்தேன், திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். சிறு தொகை ஒன்றும், “எந்த உரிமைக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்” என்று ஒரு தாளும். “இன்று மாலைக்குள் கையெழுத்து, இல்லையென்றால் தொகை கிடையாது.” அதே வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு 1990-இல் வந்த திருத்தப்படி, வயது தொடர்பான உரிமையை விட்டுக்கொடுக்கும் இப்படிப்பட்ட தாளைப் படித்து யோசிக்க 21 நாள் தர வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாள்வரை திரும்பப் பெறலாம். வழக்கறிஞரைப் பாருங்கள் என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். என் தாளில் இவை எதுவும் இல்லை. அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மறுவாரம் வேலை போனது.

புகாருக்குச் சம வேலைவாய்ப்பு ஆணையம்; இங்கே எல்லோரும் இஇஓசி என்பார்கள். இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் தந்தேன், நேர்காணல் முடிந்தது, புகார் எழுதப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இணையத்தில் நிரப்புவது வெறும் விசாரிப்புதான். அது புகார் ஆகாது. நேர்காணலுக்குப் பிறகு தயாராகும் புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கெடுவுக்குள் வந்ததாகக் கணக்கு. கெடு 180 நாள். வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் அதைக் கவனிக்கும் மாநில அமைப்பும் இருந்தால் 300 நாள். “நிர்வாகத்திடம் உள்ளுக்குள் பேசிப் பார்க்கிறேன்” என்று நாளைக் கடத்தாதீர்கள். உள்பேச்சுக்காகக் கெடு நின்று காத்திருக்காது. வரைவை வரிவரியாகப் படியுங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் வைத்த வண்டி ஓட்டும் தேர்வையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

பத்து நாளுக்குள் நிறுவனத்துக்கு அறிவிப்புப் போனது. சமரசத்துக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்டோம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது, எனவே தொகையைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்தச் சட்டத்தில் மன வேதனைக்கெல்லாம் இழப்பீடு கிடையாது. இழந்த சம்பளம், தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபணமானால் அதற்கு இணையாக இன்னொரு மடங்கு. லட்சக்கணக்கில் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளச் சீட்டுகளையும் மைல் கணக்கையும் முன்பே சேர்த்து வையுங்கள், பேச்சு அங்கேதான் சுற்றும். சமரசம் முறிந்தால், புகார் கொடுத்து 60 நாளுக்குப் பிறகு நீதிமன்றம் போகலாம். ஆணையம் கைகழுவியதாகக் கடிதம் வந்துவிட்டாலோ 90 நாளுக்குள் போயாக வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். புது நிறுவனத்தில் எல்லாம் கூடிவந்த நேரத்தில், “பழைய இடத்தில் ஒரு விபத்து பதிவாகியிருக்கிறதே” என்று இழுத்தார்கள். எந்த விபத்து? யார்டில் பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தில் டிரெய்லர் உரசியது. யாருக்கும் காயமில்லை, வண்டியை இழுத்துப் போகவும் இல்லை. கூட்டாட்சி விதிப்படி அது பதிவுசெய்ய வேண்டிய விபத்தே அல்ல. பழைய முதலாளி நம்மைப் பற்றி என்ன அனுப்பினார் என்பதை எழுதிக் கேட்டால் புது நிறுவனம் ஐந்து வேலை நாளுக்குள் தர வேண்டும். வேலை மறுக்கப்பட்டாலும் 30 நாளுக்குள் கேட்கலாம். பிழை இருந்தால் பழைய முதலாளிக்குத் திருத்தக் கோரிக்கை; அவர் திருத்த வேண்டும், அல்லது ஒப்பவில்லை என்று 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒப்பவில்லை என்றால் நம் மறுப்பையும் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம். யார்டு மேற்பார்வையாளர் அன்று எழுதிய குறிப்பின் நகலை வைத்திருந்தேன். அதையும் இணைத்து அனுப்பினேன். திருத்தம் வந்தது, எந்த வருத்தமும் தெரிவிக்காமல். திங்கட்கிழமை முதல் லோடை ஏற்றினேன்.