தோட்டம் என்று தேடினேன், பாதித் தோட்டம்தான் வந்தது

யூடியூபில் ஒரு பழைய தோட்டத்தின் காணொளி. யாரோ மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே எடுத்தது. செம்பனை வரிசைகளையும் இடிந்த கோயில் மதிலையும் தவிர அதில் ஒன்றுமில்லை. அதன் கீழே ஒருவர், தாம் அங்கே மூன்றாவது லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்ததாக எழுதியிருக்கிறார். அதற்கு இன்னொருவரின் பதில்: "ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் கிணறு இருந்ததே, அந்த லயமா? அப்படியானால் நீங்கள் பால் ஸ்டோர் தண்டல் வீட்டுப் பிள்ளையா?" (ஆயாக் கொட்டகை என்பது தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். பால் ஸ்டோர், ரப்பர் பாலைச் சேர்க்கும் இடம். தண்டல், வேலையை மேற்பார்ப்பவர்.)

இப்படிப்பட்ட பதில்களுக்காகத்தான் நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டக் கற்றுக்கொண்டேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பகுதிநேரமாக முதுகலை ஆய்வும் செய்கிறேன். கலைந்துபோன தோட்டங்களைப் பற்றி மக்கள் தாங்களாகவே இணையத்தில் எழுதிவைக்கும் நினைவுகள்தான் ஆய்வுப் பொருள். எங்கள் வட்டாரத்துக்கு வரலாற்றில் இடமில்லாமல் இல்லை. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததையும் பலர் எழுதியிருக்கிறார்கள். துண்டாடப்பட்ட தோட்டங்களை மீட்க, இவ்வூர்க்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் பதிவில் இருக்கிறது. ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணற்றை மட்டும் எந்த நூலிலும் காணோம்.

முதலில் எனக்குச் சொல்லப்பட்ட கருவி, ட்விட்டர் பதிவுகளைத் திரட்டும் டுவார்க். 2014இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றபோது, எழுந்த ட்வீட்டுகளை இதை உருவாக்கிய எட் சம்மர்ஸ் இதைக் கொண்டுதான் திரட்டினார். 2021இல் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கு மாதம் 1 கோடி ட்வீட் வரை இலவசமாகக் கொடுத்தது. 2023இல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரௌட்டேங்கிளையும் மேட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டு 14 அன்று மூடியது. எங்கள் மக்கள் எப்படியும் அதிகம் எழுதுவது யூடியூப் காணொளிகளின் கீழேதான். ஆகவே வருத்தம் நீடிக்கவில்லை.

யூடியூபிடம் நிரல் வழியே தகவல் கேட்டுப் பெறும் வாயிலான ஏபிஐக்கு ஒரு சாவி வாங்கிக்கொண்டு, கர்ல் என்ற கட்டளையால் கருத்துகளை வரவழைத்து, ஜேக்யூ என்ற கட்டளையால் வேண்டியதைப் பிரித்தெடுக்கிறேன். நாளொன்றுக்கு 10,000 அலகுகள் இலவசம். கருத்துகளின் ஒரு பக்கம், அதாவது 100 கருத்துகள் வரை, 1 அலகுதான். ஆனால் காணொளிகளைத் தேடச் சொன்னால் ஒரு தேடலுக்கே 100 அலகுகள் போய்விடும். அதனால் காணொளிகளை நானே உட்கார்ந்து பார்த்து, அவற்றின் அடையாள எண்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறேன். பார்க்காமல் திரட்டுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. அலகுகள் கலிஃபோர்னியாவின் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகின்றன. நமக்கு அது பிற்பகல் 3 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 4 மணி. பள்ளி முடிந்து வந்து, மழை இறங்கும் நேரத்தில் மடிக்கணினியைத் திறக்கச் சரியாக இருக்கிறது.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். கருத்துகளைக் கேட்டால் பதில்களும் கூடவே வருகின்றன என்று நினைத்திருந்தேன். வருபவை சில மட்டுமே. ஒவ்வொரு கருத்துக்கும் உரிய எல்லாப் பதில்களையும் வேறொரு வேண்டுகோளால் தனியே கேட்க வேண்டும். இரண்டு மாதம் இது தெரியாமலே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். உறவு விசாரிப்பதும், லயத்தை அடையாளம் காண்பதும், "அவர் இறந்து பத்து வருடம் ஆகிவிட்டது" என்று சொல்வதும் பதில்களில்தான் நடக்கின்றன. கருத்தை மட்டும் எடுப்பது, திண்ணையில் பேசும் இருவரில் ஒருவரின் வாயை மட்டும் கேட்பதைப் போன்றது.

அடுத்த தடை தேடலில் வந்தது. கோப்பில் 'தோட்டம்' என்று கிரெப் கட்டளையால் தேடினேன். கண்முன்னே திரையில் தெரிகிற ஒரு கருத்து, தேடலில் வரவில்லை. எழுத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 'தோ' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இப்போது எதைத் தேடுவதற்கு முன்பும் கோப்பு முழுவதையும் யூகான்வ் என்ற கட்டளையால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன். தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்ணிக்கை மட்டும் அமைதியாகக் குறைந்திருக்கும்.

ஆனால் பாதிப் பேர் தமிழ் எழுத்தில் எழுதுவதே இல்லை. ஆங்கில எழுத்தில், நடுநடுவே மலாய்ச் சொற்களோடு எழுதுகிறார்கள். இங்கே எனக்குத் துணை நின்றவர் அம்மா. இருபது வருடம் பால்மரம் சீவியவர். கீரை ஆய்ந்துகொண்டே சொற்களைச் சொன்னார்: பெரட்டு (விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய பால்), கித்தா (ரப்பர்), கிராணி (தோட்டத்துக் கணக்கர்), ஆயாக் கொட்டகை. நான் ஒவ்வொன்றையும் மக்கள் எப்படியெல்லாம் எழுதக்கூடும் என்று தட்டிக்கொண்டே போனேன். பெரட்டை 'பி'யில் தொடங்குபவர்கள் இரு வகை. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டே. இரட்டை 'டி' போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒற்றை 'டி'யோடு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கே பத்துப் பன்னிரண்டு வடிவங்கள். கோப்புக்கு 'அம்மா' என்றே பெயர் வைத்தேன். கிரெப் அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்துத் தேடுகிறது. அது கொண்டுவந்த கருத்துகளைப் பார்த்த பிறகுதான், முதல் இரண்டு மாதமும் நான் எவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

சில கருத்துகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "இதை நீ எடுத்து வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதியதுதானே என்று சொல்லிப் பார்த்தேன். "சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று எழுதியிருப்பார்கள்," என்றார் அம்மா.

அன்று முதல் பெயர்களைச் சேமிப்பதில்லை. ஜேக்யூவிடம் கருத்தும் நாளும் மட்டும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். எழுத வேண்டிய இடத்திலும் யாருடைய வாசகத்தையும் அப்படியே தருவதில்லை, தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார் என்பதால். மேலே நான் எழுதிய பதிலிலும் சொற்களும் இடமும் மாற்றப்பட்டவையே. இப்படித் திரட்டியவற்றை 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்று யூடியூபின் விதியும் சொல்கிறது. மாதந்தோறும் எல்லாவற்றையும் மறுபடி வரவழைத்து, பழைய கோப்பை அழிக்கிறேன். எழுதியவர் நீக்கிவிட்ட கருத்து என்னிடமும் இருப்பதில்லை.

இந்த மாதம் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு நீண்ட கருத்து இல்லை. விடியற்காலைப் பெரட்டில் அப்பாவோடு போய் நின்ற ஒரு பெண் எழுதியது. கீழிருந்த பதில்களும் சேர்ந்து போய்விட்டன. பெரட்டு என்ற சொல்லை, நானும் அம்மாவும் நினைத்துப் பாராத ஓர் எழுத்துக் கூட்டலில் அவர் எழுதியிருந்தார். பழைய கோப்பை அழித்தேன். அந்த எழுத்துக் கூட்டல் மட்டும் 'அம்மா' கோப்பில் ஒரு வரியாக இருக்கிறது.